வலிக்காத செருப்பு

சலவைக்கூடத்தில் அவளுக்கு எஞ்சின் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் கிடந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் பதினோரு கிலோமீட்டர். பேருந்தில் வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது அவள் சைக்கிளைப் பூட்டிவிட்டு, ரப்பர் ஏப்ரனை இறுக்கிக் கட்டி, முதல் மூட்டையைத் தராசில் தூக்கிப் போட்டிருப்பாள். நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடம் நனைந்த விரிப்புகளைத் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோள் மாதிரி ஆகியிருந்தன.

சலவை என்பது முடியாத வேலை. மாலை நான்கு மணிக்குக் கடைசி விரிப்பை மடித்து வைத்தால் நாலேகாலுக்கு அடுத்த வண்டி வந்து நிற்கும். அதனால்தானோ என்னவோ, முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரியமாவது வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. போன வருடம் ஊர் சைக்கிள் குழு நடத்திய இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நூற்று முப்பதில் பாதம் இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தன. ரோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி வீசியவள், குழுவின் வேன் பின்சீட்டில்தான் ஊர் திரும்பினாள். மறுநாள் துணி மடிக்கும் மேசைக்காரி கூடமே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டாள்: "ஏன்டியம்மா, எஞ்சின் சூடேறி நடுரோட்டுல நின்னுபோச்சாமே!"

எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள் மாதிரி ஒரு வருடம் நின்றது. இந்த வருடம் முடித்தே தீர வேண்டும். ஷூதான் காலைச் சுட்டுவிட்டது, அது ஆகாது, காற்றோடுகிற செருப்பு வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

கொழுந்தன் சைக்கிள் மெக்கானிக். சந்தைத் தெருவில் ஒற்றைக் கதவு வைத்த கடை. உள்ளே உத்தரத்திலிருந்து சைக்கிள்கள் தலைகீழாகத் தொங்கும். பழைய பால்பொடி டப்பாக்களில் போல்ட்டும் நட்டும் வாஷரும் குவிந்து கிடக்கும். பக்கத்திலிருந்த செருப்புக்கடைக்கு அண்ணியைக் கூட்டிப்போனது அவன்தான்.

"காலைல வராதீங்க அண்ணி. பத்து மணி நேரம் நின்னு வீங்கின காலோட வாங்க. நூறு கிலோமீட்டர் தாண்டினா கால் அந்த அளவுக்குத்தான் வந்து நிக்கும்."

வேலை முடிந்து போனாள். முதல் ஜோடி பஞ்சு மாதிரி இருந்தது. காலை வைத்ததும் உள்ளே அமுங்கியது.

"ஆகா, மெத்தைல நிக்கற மாதிரி இருக்கே!"

"நிக்கறதுக்குத்தான் மெத்தை. மிதிக்கறதுக்கு இல்ல." அவன் அந்தச் செருப்பை வாங்கி இரண்டு கையாலும் மடித்தான். அது சப்பாத்தி மாவு மாதிரி மடங்கியது. "பாத்தீங்களா? அடி இப்படி மடங்கினா பெடல் கட்டை அப்படியே உள்ளங்கால்ல ஏறும். அம்பது கிலோமீட்டர்ல அழுவீங்க."

இரண்டாவது ஜோடியில் விரல்கள் வெளியே தெரிந்தன. அதை அவளே ஒதுக்கினாள். ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டிகள் சலவைக்கூடத்தில் யார் கால் என்று பார்ப்பதில்லை. மூன்றாவதில் விரலுக்கு முன்னால் கெட்டியான ரப்பர் கவசம், மேலே மூன்று ஒட்டுப்பட்டை, குதிகாலைப் பிடிக்கிற பின்வார், பலகை மாதிரி விறைப்பான அடி. தண்ணீர் பட்டால் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக ஓடிவிடும். வேலைக்கும் ஆகும், தூரத்துக்கும் ஆகும்.

"எங்கயாவது கடிக்குதா?" என்றான் கொழுந்தன்.

"இல்ல."

"குதிகால் பக்கம்?"

"இல்ல."

"சுண்டுவிரல் ஓரம்? பட்டை இழுக்கல?"

"இல்லப்பா. போட்ட மாதிரியே தெரியல."

கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பாத்ததில்லம்மா. பத்துப் பேர் வந்தா ஒம்பது பேரு இங்க உரசுது, அங்க குத்துதுன்னு என் உயிரை எடுப்பாங்க."

"உழைக்கிற காலுங்க. கடிச்சா செருப்புக்குத்தான் பல்லு போகும்," என்றாள் அவள்.

மூவரும் சிரித்தார்கள். பணம் கொடுத்து வெளியே வரும்போது அவள் கொழுந்தனிடம் மகிழ்ச்சியாகச் சொன்னாள்: "அந்த எரிச்சல் கூட இப்ப ஆறு மாசமா இல்லப்பா. ராத்திரி போர்வை பட்டாலே பத்திக்கிட்டு எரியும். தானா நின்னுபோச்சு. இந்தத் தடவை விடமாட்டேன் பாரு."

இரண்டு வாரம் அதே செருப்போடு வேலைக்குப் போய்வந்தாள். கூடத்தில் சோப்புத் தண்ணீர் கணுக்கால்வரை தெறிக்கும். செருப்பு ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். மேசைக்காரி ஒருமுறை போட்டுப் பார்த்து, "எனக்கு பெருவிரல் அடியில என்னமோ நெருடுது" என்று கழற்றிக் கொடுத்தாள். "உன் காலு மகாராணி காலு. பட்டுல தச்சுப் போட்டுக்கோ" என்று எஞ்சின் வாரிவிட்டாள்.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொழுந்தன் செருப்பின் அடியில் கொக்கி மாட்டிக் கொடுத்தான். பெடலில் மிதித்ததும் டக் என்று பூட்டிக்கொள்கிற இரும்புத்துண்டு. காலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். காலுக்கு இரண்டு போல்ட். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம். கொக்கியோடு வந்த போல்ட்டுகளை எங்கேயோ வைத்துவிட்டு, டப்பாவில் துழாவி மரை பொருந்துகிற நாலு போல்ட்டை எடுத்து முடுக்கினான். பொருந்தியது. நீளத்தை அவன் அளக்கவில்லை.

ஞாயிறு விடியலில் கிளம்பி எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பத்தரை மணிக்குக் கடை வாசலில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நாலு மணி நேரம், பத்து நிமிஷம்! நடுவுல ஒரே ஒரு தடவை தண்ணிக்கு நின்னேன். கழுதை, காலு இருக்கறதே மறந்துபோச்சுடா! இனிமே இருநூறு என்ன, முந்நூறு வை!"

"உக்காருங்க அண்ணி, டீ சொல்றேன்," என்று திரும்பியவன் நின்றான்.

சைக்கிளிலிருந்து ஸ்டூல்வரை சிமென்ட் தரையில் அவள் நடந்துவந்த தடம் இருந்தது. வலதுகால் தடம் வெறும் புழுதி. இடதுகால் தடம் சிவப்பு.

"அண்ணி, என்ன மிதிச்சீங்க?"

"என்னத்தை மிதிச்சேன்?"

அவன் மண்டியிட்டு இடது செருப்பின் பட்டைகளைப் பிரித்தான். செருப்பு காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தபோது பசை விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. உள்ளே காலடி அட்டையைத் துளைத்துக்கொண்டு ஒரு போல்ட்டின் முனை அரை விரற்கடை உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. மரையெல்லாம் ரத்தம்.

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. "நான்தான்... நீளம் ஜாஸ்தி... ஐயோ அண்ணி, நான்தான்."

"எருமை!" அவள் ஸ்டூலிலிருந்து எழப்போனாள். "கண்ணு எங்க வெச்சிருந்த? அண்ணி கால்தானே, ஆணியை அடிச்சு அனுப்பலாம்னு நெனச்சியா? இரு, உங்க அண்ணன் வரட்டும், உன்னை..."

"அடிங்க. திட்டுங்க. ஆனா..." அவன் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனாவது கிலோமீட்டர்ல தெரிஞ்சுது அண்ணி?"

"எது?"

"இது குத்தினது."

அவள் இடதுகாலை வலது தொடைமேல் தூக்கிவைத்துப் பார்த்தாள். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? குளிக்கும்போது கல்லில் தேய்ப்பதோடு சரி. கட்டைவிரலுக்குக் கீழே, தோல் தடித்துப் போயிருந்த இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி. சுண்டுவிரலை அதில் வைத்தாள். நகம் உள்ளே போனது. வழவழப்பும் சூடும் விரலுக்குத் தெரிந்தன. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யாரோ ஒருத்தியின் காலை மடியில் வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"மரத்துப்போயிருக்கும்," என்றாள். "ரொம்ப நேரம் மிதிச்சா மரத்துப்போகும்ல? உனக்கும் ஆகும்தானே?"

"ஆகும், ஆகும் அண்ணி. ஆனா போல்ட்டு குத்தினா..." அவன் போல்ட்டைக் கழற்றிவிட்டு, கத்திமுனையால் நெம்பிக் காலடி அட்டையை உரித்தெடுத்தான். "என் தப்புதான். நானே கட்டுப் போட வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். அண்ணன்கிட்ட நானே சொல்றேன்."

"அதை இப்படிக் குடு."

அட்டையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். பத்தொன்பது வருடமாக அவள் பார்ப்பது கறையைத்தான். எந்தக் கறை எந்தத் தண்ணீரில் போகும், எது நேற்றையது, எது மூன்று நாள் கிடந்தது என்று மூட்டையைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுவாள். போல்ட் துளையைச் சுற்றியிருந்த சிவப்பு இன்றையது. இன்னும் ஈரம். அந்தச் சிவப்புக்கு அடியில், அதைவிட அகலமாக, பழுப்பில் ஒரு வட்டம். அதன் ஓரம் மஞ்சள். அதற்கும் வெளியே இன்னொரு ஓரம். ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிக் காய்ந்த ஓரங்கள். ஒரு நாளில் வருகிற வேலை இல்லை அது. பத்து நாள், பன்னிரண்டு நாள்.

அவள் அதை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

எட்டாம் வார்டு மூட்டைக்குச் சலவைக்கூடத்தில் தனித் தொட்டி உண்டு. யாரும் சீட்டைப் பார்த்துப் பிரிப்பதில்லை, வாசனையிலேயே தெரியும். படுக்கையின் கால்மாட்டில் மட்டும் கறை பிடித்த விரிப்புகள். மஞ்சள் ஓரம் வைத்த பழுப்பு வட்டங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், "ஏன்க்கா எல்லாம் கால் பக்கமே இருக்கு?" அவள்தான் சொல்லித் தருவாள்: புண்ணு ஆறாத காலுங்க. கொஞ்ச நாள் இந்தக் கறை வரும். அப்புறம் ஒருநாள் அதே கட்டில் விரிப்பு கால்மாட்டில் சுத்தமா வரும். புண்ணு ஆறினதால இல்ல. அது ஏன்னு நீயே புரிஞ்சுக்கோ.

"இது உன் போல்ட் இல்லடா," என்றாள்.

"என்ன அண்ணி?"

"உன் போல்ட் நேத்து சாயங்காலம் வந்தது. இது அதுக்கு முன்னாடியே இருக்கு."

கொழுந்தனின் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி ஓடியது. ஒரே நொடிதான். அடுத்த நொடி அந்த நிம்மதி அவனுக்கே அசிங்கமாகிவிட்டது போலும், தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் அதைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. அவள் கை அந்த அட்டையை விடமாட்டேன் என்று பிடித்திருந்தது.

மறுநாள் வேலைக்குப் போய்விட்டு மதியம் காட்டிக்கொள்கிறேன் என்றவளைப் புருஷன் விடவில்லை. அவன் கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கிறவன், அதிகம் பேசமாட்டான். விஷயத்தைக் கேட்டதும் வாளியையும் தூரிகையையும் அப்படியே போட்டுவிட்டு வந்து, ஆட்டோவில் ஏற்றி, அவள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியின் முன்வாசலில் இறக்கினான்.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த புண் கட்டும் பகுதியில் ஒரு நர்ஸ் விரல்நுனியில் ஊசி குத்திச் சொட்டு ரத்தம் எடுத்தாள். "ஸ்ஸ்!" என்று எஞ்சின் கையை உதறிக்கொண்டாள். "மெதுவாம்மா, வலிக்குதுல்ல?" அப்படிச் சொல்ல முடிந்ததே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நர்ஸ் கருவியில் வந்த எண்ணைப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?"

"எனக்கா? எனக்கு சர்க்கரை எல்லாம் இல்லீங்க. நான் தினம் இருபத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவ."

"காலு எரிச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதெல்லாம் சரியாயிடுச்சு."

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "சரியாயிடுச்சுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டதுதான். எரிந்த காலம் முழுக்கக் கால் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. கத்தல் நின்றதும் நல்லதாகிவிட்டது என்று கடை ஏறிச் செருப்பு வாங்கியிருக்கிறாள். போட்ட மாதிரியே தெரியல என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கட்டிலில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் கையில் ஒரு குச்சி. அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பான ஒரு நூல்.

"கண்ணை மூடிக்கோங்க. இது குத்தாது, சும்மா தொடும். நான் தொடறப்பல்லாம் 'ஆமா' சொல்லணும். இடதுகாலு. சரியா?"

"சரி."

கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது. புருஷனின் சட்டையில் காய்ந்த வர்ணத்தின் வாசனை அருகில் இருந்தது. ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று பரீட்சை எழுதுகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். நர்ஸ் நகர்கிற சரசரப்பு கேட்டது. என்ன இவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று நினைத்தாள்.

"ஆரம்பிங்கம்மா," என்றாள்.

பேனா தாளில் உரசுகிற சத்தம் கேட்டது.

"நான் ரெடிதான். ஆரம்பிங்க."

"முடிச்சுட்டேன்க்கா," என்றாள் நர்ஸ்.

கண்ணைத் திறந்தாள். நர்ஸ் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். புருஷன் கால்மாட்டில் நின்றிருந்தான். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

"ஏங்க, நீங்க பாத்தீங்களா? தொட்டாங்களா?"

"தொட்டாங்க."

"எத்தனை தடவை?"

அவன் சுவரிடம் சொன்னான். "பத்து."

இருநூறு கிலோமீட்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் மனம் பழக்கத்தில் எண்ணத் தொடங்கி, நடுவில் எங்கேயோ எண்ணை விட்டுவிட்டது.

"இப்ப வலதுகாலு," என்றாள் நர்ஸ். "கண்ணை மூடுங்க."

"மூடமாட்டேன்."

"அப்ப சோதனை சரியா வராதுக்கா."

"பரவாயில்ல. நான் பாக்கணும்."

முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். வலதுகாலில் புண் இல்லை, கீறல் இல்லை. மிதித்து மிதித்து உரமேறிய கால். நர்ஸ் ஒரு நொடி தயங்கிவிட்டு நூலைக் கட்டைவிரல் நுனியில் வைத்து அழுத்தினாள். நூல் வில்லாக வளைந்தது. அவள் விழி அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'ஆமா' என்று சொல்ல வாய் திறந்தே இருந்தது.

நர்ஸ் நூலை எடுத்து அடுத்த இடத்தில் வைத்தாள்.