தண்ணிப் பானைக்கு அண்டை

கேனைக் கவிழ்த்ததும் உள்ளே சரசரவென்று ஏதோ உருண்டது. கலைமதிக்குப் பகீரென்றது. பயிருக்கான நுண்ணுயிர்த் திரவம் அது. அவளே வளர்த்து, அவளே நிரப்பியது. உருள்வதற்கு அதில் எதுவும் கிடையாது.

ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். உப்பு!

"தனகோடி அண்ணே, கேனைத் திறந்தீங்களா?"

உப்பளத்துக்காரர் தனகோடி பெருமையாகச் சிரித்தார். மழையில் அவள் அறைக்கூரை ஒழுகியபோது, சரக்கை வைக்கத் தன் உப்புக் கொட்டகையில் இடம் கொடுத்தவர்.

"வெயில்ல கெட்டுடப் போவுதுன்னு கேனுக்கு அரைப்படி போட்டேம்மா. கருவாடு கெடுதா பாரு!"

"அது உயிரோட இருக்கற கிருமிண்ணே! கருவாடு இல்ல!"

கேனை வாங்கிப் போக வந்திருந்த சுப்ராயனின் முகம் வெளுத்தது.

"இன்னாம்மா சொல்ற? நாத்து பறிச்சாச்சி. நடவு ஆளுங்க வரப்புல குந்திக்கினு இருக்காங்க."

போன டிசம்பரில் ஓடை வழியாகக் கடல் ஏறிய நிலம் அவருடையது. அடுத்து நட்ட பயிர் மஞ்சளாகிச் செத்தது. 'வேரை இந்தத் திரவத்தில் நனைத்து நடுங்க, தாங்கும்' என்று கலைமதி சொன்னதை நம்பித்தான் மறுபடி விதை விட்டார். புதிதாகக் கிருமி வளர்க்க நாளாகும். பறித்த நாற்று காத்திருக்காது.

அவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது.

"கறுப்புத் தூள் பாக்கெட்டுங்க எங்கண்ணே?"

அதே கிருமியை நிலக்கரித் தூளில் கலந்து அடைத்தவை அவை. திரவம் ஒரு வருஷம் தாங்கும். தூள் அதில் பாதிதான். தேதி முடிந்ததால் தூக்கிப் போடச் சொல்லியிருந்தாள்.

"அந்தக் கரித்தூளா? தண்ணிப் பானை ஆடுச்சி, அண்டை குடுத்துட்டேன். அதுக்குப் போயி உப்ப வீணாக்குவனா?"

கொட்டகை மூலையில் கசியும் மண்பானை. அடியில் ஈரமணலில் அழுந்திய பாக்கெட்டுகள். தொட்டாள். சில்லென்றிருந்தன. இந்தக் குளிர்ச்சியில் தேதி தாண்டியும் கிருமி பிழைத்திருக்கலாம்.

அவற்றை அள்ளி, ஒரு கேனையும் எடுத்துக்கொண்டு சுப்ராயனின் மொபெட்டில் ஏறினாள்.

அவள் அறையில் மைக்ரோஸ்கோப். முதலில் திரவத்தின் சொட்டு. எதுவும் நீந்தவில்லை. அடுத்து, தண்ணீரில் கரைத்த தூள். எல்லாம் நடுங்கின. கலைமதி மகிழவில்லை. செத்த துகளும் நடுங்கும், நின்ற இடத்திலேயே. உயிருள்ளதுதான் இடம் விட்டு இடம் போகும்.

"ஏம்மா, வாயத் தொறந்து சொல்லேன்!"

"இருங்கண்ணே..."

கண்ணாடித் துண்டை நகர்த்தினாள். நடுக்கம். மறுபடி நகர்த்தினாள். நடுக்கம். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. அப்போது வளைந்த குச்சி போல் ஒன்று வட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு விர்ரென்று கடந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"போவுதுண்ணே! உயிர் இருக்குது. ஆனா கொஞ்சம்தான். அத்தனை பாக்கெட்டையும் ஒண்ணா கரைச்சாலும் முழு நிலத்துக்கும் வராது."

"ஓடையோரத் துண்டுக்கு?"

"அதுக்கு வரும். பொழைக்குமான்னு நட்டாத்தான் தெரியும்."

சுப்ராயன் வண்டிச் சாவியை எடுத்தார். "நட்டுடலாம். ஏறு."

வாசலில் சைக்கிள் மணி. கேரியரில் மண்பானையைக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க தனகோடி.

"கரைக்கத் தண்ணி வோணாமா? எடுத்தாந்துட்டேன்!"

"எந்தத் தண்ணி?" கலைமதியின் குரல் உச்சத்துக்குப் போனது.

"குடிக்கிற தண்ணிம்மா. சத்தியமா!"

கலைமதி பானைக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

அப்புறம்தான் வண்டியில் ஏறினாள்.