முதலில் நிற்பவள்

கட்டில், சோபா விற்கும் கடையில் என் அக்காவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. அங்கே விற்பனையாளர்கள் எட்டுப் பேருக்கும் சம்பளம் கிடையாது. விற்றால் கமிஷன், அவ்வளவுதான். வாசலருகே வரிசையாக நிற்பார்கள். உள்ளே வருகிறவர் வரிசையில் முதலாமவருக்கு. அவரைக் கவனித்து அனுப்பியதும் விற்பனையாளர் கடைசி இடத்துக்குப் போய்விடுவார். பெருக்க, கண்ணாடி துடைக்க, லாரியிலிருந்து சரக்கு இறக்க ஆள் வேண்டும் என்பது, யாராவது முதலிடத்துக்கு வந்த பிறகுதான் மேலாளருக்கு நினைவுக்கு வரும். அந்த வேலைகளுக்கு ஒன்றும் கிடையாது. போனால் முறையும் போயிற்று. ஆட்களை விசிலடித்தே கூப்பிடுவதால் அவருக்கு விசில் என்றே பெயர். மூன்று வாரமாக அக்காவின் முறை லாரியோடு போய்க்கொண்டிருந்தது. அத்தானுக்கு வேலை இல்லாத காலம் அது. அவள் விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அன்றும் விசில் வந்தார். "லாரி வந்துடுச்சு, போம்மா. ரெண்டே கட்டில்தான்."

"இறக்கினா கமிஷன் உண்டா சார்?"

"இத நம்ம கடையா நெனச்சுச் செய்யணும்மா."

"அப்படின்னா கல்லாச் சாவியக் குடுங்க."

வரிசையே சிரித்தது. வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்று விசில் அவள் கையைப் பிடித்து இழுத்தார். கால் நகரவில்லை. லாரிக்காரர்கள் நான்கு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள். கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். அப்போது ஒரு தம்பதி பீரோ பார்க்க வந்தார்கள். அக்கா நின்ற இடத்திலிருந்தே கைகாட்டிப் பேசி விற்றாள். பில் போட்டதும் தரை விட்டது. அவள் வரிசையின் கடைசிக்குப் போனாள். அடுத்து முதலில் நின்ற சோடாபுட்டிக் கண்ணாடிக்காரரைத் தரை பிடித்துக்கொண்டது.

விசில் டைல்ஸை மாற்றினார். புது டைல்ஸும் பிடித்தது. கம்பளம் விரித்தார், கம்பளமும் பிடித்தது. ஒரு மழைநாளில் கமிஷன் ஆசையில் அவரே முதலில் போய் நிற்க, ஐந்து மணிநேரம் யாரும் வரவில்லை. அக்காதான் தண்ணீர் கொடுத்தாள்.

"ஆள விடும்மா."

"நான் எங்க சார் பிடிச்சிருக்கேன்?"

அடுத்த மாதம் சரக்கு இறக்க இருவரையும், பெருக்கித் துடைக்க ஓர் அம்மாளையும் சம்பளத்துக்கு வைத்தார்கள். அந்த அம்மாள் ஒட்டி நிற்கும் கால்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருநாள் வியந்தார்கள், மறுநாள் கால்வலிக்கு ஏற்ற செருப்பு எதுவென்று விசாரித்தார்கள்.

பதினோராம் ஆண்டு அக்கா நோயில் இறந்தாள். செய்தி போனபோது கண்ணாடிக்காரர்தான் முதலில் நின்றிருந்தார். வாடிக்கையாளர் யாரும் வரவில்லை, பில்லும் போடவில்லை; ஆனாலும் தரை அவரை உடனே விட்டது. விற்பனையாளர்கள் எல்லாரும், சரக்கு இறக்குகிறவர்களும், பெருக்குகிற அம்மாளும் பட்டப்பகலில் கடையை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விசில் மட்டும் அங்கே தனியாக நின்று கண்ணாடி துடைத்தாராம். துடைக்கட்டும், அவருக்குத்தான் மாதச் சம்பளம் உண்டே.