கழற்றி எடுத்துப் போகிற சுவர்

அந்தமானின் பெரார்கஞ்ச் பஜாரில் அன்று காலை கடை திறந்தவர்கள் யாரும் கடைக்குள் இல்லை. எல்லாரும் பஞ்சாயத்துக் கிடங்கின் முன்னால் இருந்த காலி மைதானத்தில் கூடிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு விஜயகுமாரி அங்கே ஓர் இடுப்பளவுச் சுவரை எழுப்பியிருந்தாள். அதை இன்று அவளே கழற்றி, சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், பொழுது சாய்வதற்குள் மறுபடி நிறுத்திக் காட்டப் போகிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சுவரைக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். சட்டையில் பொத்தானை அவிழ்ப்பதுபோலச் சுவரை அவிழ்க்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் யாருக்குத்தான் கடையில் உட்கார மனம் வரும்?

விஜயகுமாரிக்குக் காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை. பயமும் இருந்தது, குஷியும் இருந்தது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர்கள். அவளோ கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் ஹாலோ பிளாக் பட்டறை போட்டுக் கல் விற்றவள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி இரண்டு வருஷத்தில் கல் வியாபாரம் தலைகீழாகிவிட்டது. ஹேவ்லாக்கில் ரிசார்ட் கட்டுகிறவர்கள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற வெள்ளை லைட்வெயிட் கல்லுக்குத் தாவிவிட்டார்கள். சர்க்கார் வேலையைப் பெரிய டெண்டர்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். மிச்சமிருந்த சின்ன வீட்டுக்காரர்களுக்கு சிமெண்ட்தான் தலைவலி. கப்பல் வந்தால் ஒரு விலை, வராவிட்டால் வேறொரு விலை. சிமெண்ட் இல்லாதவன் ஹாலோ பிளாக்கை வாங்கி என்ன செய்வான்? அவள் பட்டறையில் அடுக்கி வைத்த கல் அடுக்கி வைத்தபடியே பாசி பிடித்துக் கிடந்தது.

அப்போதுதான் அவள் கோயம்புத்தூரிலிருந்து இன்டர்லாக் மெஷினை வரவழைத்தாள். அதில் அடிக்கிற கல்லுக்கு மேலே மேடு, கீழே பள்ளம். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கலவை வேண்டாம். மூலைகளில் இரும்புப் பைப்பைச் சொருகி போல்ட் போட்டு இறுக்கினால் போதும்.

வாங்குகிற ஆளையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பஜாரில் பாதிக் கடைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். எல்லாரும் பின்னால் தள்ளிப் போக வேண்டும். அடுத்த வருஷம் இன்னும் தள்ளச் சொன்னால்? அந்தப் பயத்தில் யாரும் சுவர் கட்டவில்லை. தகரம் அடிக்கலாம் என்றால் உப்புக்காற்று தின்றுவிடும். போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வருகிற சுவர் இருந்தால் வேண்டாம் என்பார்களா என்பதுதான் அவள் கணக்கு. வியாபாரிகள் சங்கம் இன்று சரியென்று சொன்னால் மழை தொடங்கும்வரை மெஷின் நிற்காமல் ஓடும். இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டியதுதான். கப்பலேறிப் போகிற ஹட் பேயில் முத்துவீரன் என்றொருவர் அந்த மெஷினை வாங்கிக்கொள்ள இப்போதே தயாராக இருந்தார்.

சங்கத் தலைவர் ஜெகநாதன் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பஜாரிலேயே பெரிய சிமெண்ட் கடை அவருடையது. சிமெண்ட் வேண்டாத சுவரை சிமெண்ட் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நடு மைதானத்தில் வாகான உயரத்தில் ஒரு சுவர் நின்றால் விடுவாரா? இரண்டு வாரமாக சாயங்காலமானால் அந்த நூறு கிலோ உடம்பை அதன்மேல் ஏற்றி, காலைத் தொங்கப்போட்டு, டீ குடித்துக்கொண்டே அந்தச் சுவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா அண்ணாச்சி?" என்றாள் விஜயகுமாரி.

"ஆரம்பி தாயி. நாங்களும் பாக்கத்தான வந்திருக்கோம்." அவர் முகத்தில் ஒரு கள்ளச்சிரிப்பு ஓடியதை அவள் கவனித்தாள். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை.

போல்ட்டைக் கழற்றிப் பைப்புகளை உருவினாள். மேல் வரியில் முதல் கல்லைப் பிடித்துத் தூக்கினாள். பானையிலிருந்து மூடியை எடுத்ததுபோல வந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பூரிக்கடை புஷ்பா ஓடிவந்து கல்லை வாங்கித் தட்டிப் பார்த்தாள். உடைசல் இல்லை, விரிசல் இல்லை. இரண்டாவது கல், மூன்றாவது கல் என்று மளமளவென்று வந்தன. ஒரு வரி முடிந்து அடுத்த வரியும் கழன்றது. மீன்காரர் பிஸ்வாஸ் இதைப் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார். விஜயகுமாரிக்குக் கை பறந்தது. இப்படியே போனால் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று மனம் துள்ளியது.

மூன்றாவது வரியும் வந்தது. நான்காவது வரவில்லை.

இழுத்தாள். அசைத்தாள். கடப்பாரையை நுழைத்து நெம்பினாள். படாரென்று கல்லின் ஓரம் பெயர்ந்து விழுந்ததே தவிர, கல் நகரவில்லை. பக்கத்துக் கல்லும் அப்படித்தான்.

"என்னம்மா, கழட்டுத சொவரு கோவிச்சுக்கிட்டோ?" என்றார் ஜெகநாதன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பள்ளத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் அவளுக்குக் காது மடல் சூடேறியது. சிமெண்ட்.

நிமிர்ந்து ஒச்சப்பனைத் தேடினாள். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் அவர்தான். உசிலம்பட்டிக்காரர், வேலையில் சுத்தம். இப்போது அவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒச்சப்பண்ணே, இங்க வாங்க. இதுக்குள்ள என்னா இருக்கு?"

"தப்பு எம்மேலதான்த்தா," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. "வெறுங்கல்ல அடுக்கிட்டுப் போக மனசு ஒப்பல. நீ அங்கிட்டுப் போன நேரம் பாத்து லேசாக் கரைச்சு ஊத்திட்டேன். நாளைக்குப் பூமி ஆடி சொவரு சாஞ்சா ஊரு ஒன்னையவா வையும்? என்னையத்தான வையும்."

"ஒரு சொட்டு சிமெண்டு கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று அவள் சத்தம் போட்டாள். நல்லது நினைத்துக் கெடுத்த மனிதரை என்னவென்று திட்டுவது? மெஷின் கப்பலேறுகிற காட்சி கண்முன்னால் வந்தது. கண்ணீர் வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் சத்தமாகக் கேட்டாள். "ஊத்துனதுதான் ஊத்துனீங்க, மேல மூணு வரிக்கு மட்டும் ஏன் ஊத்தல?"

"சிமெண்டு தீந்துபோச்சுத்தா."

ஜெகநாதனால் அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை. "நம்ம கடையிலதாம்மா சில்லறையா வாங்குனான். பத்தே கிலோ. மறுநாளும் வந்து நின்னான், கப்பல் வரலியே, நான் எங்க போக? எனக்கு அன்னைக்கே தெரியும், சிமெண்டு இல்லாம ஒன் சொவரு நிக்காதுன்னு."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். விஜயகுமாரி சிரிக்கவில்லை, அழவுமில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள். கழன்று கிடந்த மூன்று வரிக் கல்லைப் பார்த்தாள், பிறகு ஜெகநாதனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தெனமும் அந்திக்கு எங்க உக்காந்து டீ குடிக்கிறீங்க?"

"ஏன், இந்தச் சொவத்து மேலதான். ஊருக்கே தெரியுமே."

"மேல் வரிக்குச் சிமெண்டு கெடைக்கலன்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க? இத்தன நாளா ஒங்களச் சுமந்தது வெறுங்கல்லுதான்."

ஜெகநாதன் தன் வயிற்றை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு பிஸ்வாஸ், "அரே தாதா, பக்கா பாஸ் ஹோ கயா!" என்று சுவர் தேறிவிட்டதை இந்தியில் கத்த, மைதானமே குலுங்கியது. இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் போனது.

விஜயகுமாரிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. சாமி வந்தவள்போல அவள் பேச்சு கடகடவென்று கொட்டியது. "நல்லாப் பாத்துக்குங்க. சிமெண்டு வச்ச கல்லு இங்கதான் நிக்கும். எடுக்கணும்னா ஒடைக்கத்தான் வேணும். சிமெண்டு வைக்காத கல்லு அந்தா புஷ்பா காலடியில ஒரு சேதாரமில்லாம கெடக்கு. நாளைக்கு ரோட்டுக்காரன் வந்து தள்ளிப் போன்னு சொன்னா எத எடுத்துட்டுப் போவீங்க?"

எல்லாரும் புஷ்பாவின் காலடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பட்டறையில புதுக்கல்லு கெடக்கு. கொறையறத அங்கேருந்து ஏத்திக்கலாம். சொன்ன மாதிரி பொழுது சாயறதுக்குள்ள எதிர்ப்பக்கம் சொவரு நிக்கும். ஒச்சப்பண்ணே, நீங்க மட்டும் இந்தத் தடவ தொடக்கூடாது. அந்தா அந்த மரத்தடியில கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

"அப்ப யாரும்மா கட்டுவா?" என்றார் ஜெகநாதன். குரலில் பழைய தெம்பு இல்லை.

"நான் கட்டுவேன்," என்றாள் புஷ்பா. அவள் கடைக்கும் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ஏற்கெனவே இடுப்பில் முந்தானையைச் சொருகியிருந்தாள். "ஆனா அக்கா, எதுத்தாப்புல எதுக்குச் சும்மா நிறுத்தணும்? அதே பக்கத்துல, கடைக்குப் பின்னால என் எடத்துல தரை போட்டு ரெடியா இருக்கு. அங்கேயே நிறுத்திடுவோம், சல், வாங்க."

கேட்டதும் விஜயகுமாரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேடிக்கை காட்ட வந்த இடத்தில் முதல் வியாபாரம்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கல்யாண வீட்டு வேலை என்றுதான் சொல்ல வேண்டும். கல் ஒவ்வொன்றாகக் கைமாறிச் சாலையைத் தாண்டிப் போனது. பட்டறையிலிருந்து வண்டியில் புதுக்கல் வந்து இறங்கியது. முதல் வரியை விஜயகுமாரி நூல் பிடித்து வைத்துக் கொடுத்தாள். மீதியை பஜார்க்காரர்களே வைத்தார்கள். மேட்டில் பள்ளம் போய் 'டக்'கென்று உட்காரும்போதெல்லாம் சின்னப்பிள்ளைகள் மாதிரி ஒரு சந்தோஷக் கூச்சல். மரத்தடியில் ஒச்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வாயைக் கட்ட யாராலும் முடியவில்லை. "கோணுது பாருத்தா, இடது பக்கம் தட்டு," என்று அங்கிருந்தே கத்திக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்வதற்குள் புஷ்பாவின் மூன்று பக்கச் சுவரும் நின்றுவிட்டது. வளையல் கடைக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் அடுத்தது யாருக்கு என்று அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். சங்கத்தைக் கூட்டித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தலைவரைக் காணவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கூட்டம் கலைகிற சமயம் பார்த்து, ஜெகநாதன் மெதுவாக வந்தார். விஜயகுமாரி பக்கத்தில் நின்று சுவரைத் தட்டினார். முதுகைக் கொடுத்து அழுத்திப் பார்த்தார். அப்புறம் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம கடைக்கும் கோடு போட்டிருக்கான் தாயி. போன வருசம்தான் சிமெண்டு வச்சு முன்பக்கம் பூரா கட்டுனேன். அம்புட்டும் இடிக்கணும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். வென்ற சந்தோஷத்துக்கு நடுவே அந்தப் பெரிய மனிதர்மேல் சட்டென்று ஒரு பாசம் வந்தது.

மிச்சமிருந்த ஒரு கல்லை அவர் குனிந்து, மூச்சு வாங்க எடுத்தார். இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"இதுல எந்தப் பக்கம்மா மேல வரணும்?"