மூன்றாவது அழைப்பு

துக்கம் விசாரிக்க வந்தவர்களை நாற்பதாவது தடவையாகக் குனிந்து வணங்கி எழுந்தபோது ஹே-வோனுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. அவர்கள் அப்பாவின் படத்துக்குப் பூ வைத்துவிட்டுக் காரமான மாட்டிறைச்சி சூப்புக்கு நகர்ந்தார்கள். நேற்று விடிகாலை நெஞ்சுவலியில் போனவருக்கு இத்தனை கூட்டம். அவளோ தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்குப் பல்கலைக்கழகத்தின் காத்திருப்போர் பட்டியலை மூடிவிடுவார்கள்.

கப்பல் கட்டுமானமும் கடல் பொறியியலும் படிக்க வேண்டும். அவளுக்கு முன்னால் இரண்டே பேர். இடம் காலியானால் பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிடுவார்கள். மூன்று தடவை எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா செத்துக் கிடக்கும்போது இப்படியொரு பரபரப்பா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை.

"கூப்பிட்டாங்களாடி?" என்றார் குவாக் மாமா. கப்பல் பட்டறையில் அப்பாவோடு வெல்டிங் வேலை பார்த்தவர்.

"இல்ல மாமா."

"எந்த நம்பர் குடுத்தே? விண்ணப்பத்த நான்தான் நிரப்புவேன்னு உங்கப்பன் அடம்பிடிச்சானே!"

அவளுக்குத் திக்கென்றது. போனில் விண்ணப்பத்தைத் திறந்தாள். தொடர்பு எண் கேட்ட இரண்டு கட்டத்திலும் அப்பா தன் எண்ணையே எழுதியிருந்தார். நல்ல சேதியைத் தன் வாயால் மகளுக்குச் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார் மனுஷன்.

"அம்மா, அப்பா போன் எங்க?"

"அணைச்சு அவர் சட்டைப் பையிலயே வச்சேன். சட்டை வண்டியில கிடக்கு."

குவாக் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். போனோடு மூச்சு வாங்கத் திரும்பினார். உயிர்ப்பித்ததும் தவறிய அழைப்புகள் இரண்டு என்று குறுஞ்செய்தி வந்தது. ஒரே எண்.

ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு அது மறுபடி அடித்தது.

"மாணவிக்குச் சேரச் சம்மதமா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்பாவின் படத்தைப் பார்த்தாள். அம்மா அவள் முதுகில் ஓர் அறை விட்டாள். "வாயத் தொறடி!"

"சேர்றேன்! கண்டிப்பா சேர்றேன்!"

வெல்டர்கள் அத்தனை பேரும் எழுந்து கத்தினார்கள். "நாம ஒட்டுற கப்பல இனிமே இவ வரைவாடா!" என்று குவாக் பக்கத்து ஆளின் மதுக் கோப்பையில் தன் கோப்பையை ஓங்கி இடித்தார்.

கூடம் கப்சிப்பென்று ஆனது. துக்கக் கூடத்தில் யாரும் கோப்பையை இடிப்பதில்லை; அது கொண்டாட்டத்துக்கு உரியது. குவாக்கின் முகம் வெளுத்தது. "மன்னிச்சிரு அண்ணி... கை தெரியாம..."

இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத அம்மா, ஒரு கோப்பை நிறைய சோஜு மது ஊற்றிக்கொண்டாள். எழுந்து போய், படத்தின் முன்னால் வைத்திருந்த கோப்பையில் அதை மெல்ல இடித்துவிட்டு, ஒரே மடக்கில் குடித்தாள்.