உறைபனியில் ஐந்து அங்குல ஆழம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கிலாந்தில், நார்ஃபோக்கில் எங்கள் உலோகம் தேடுவோர் சங்கத்தின் ஜனவரிக் கூட்டத்தில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்வதே நேர்மை.

முதல் தொடக்கம்: "வெண்பனி போர்த்திய வயலில் ஒரு பெண் தன்னந்தனியாக—"

[அடித்துவிட்டேன். வயல் எதையும் போர்த்திக்கொள்ளவில்லை. பீட் கிழங்கு எடுத்த பிறகு சேறு கல்லாக இறுகிக் கிடந்தது, அவ்வளவுதான்.]

இரண்டாம் தொடக்கம்: "டென்னிஸ் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம் கழித்து அவருடைய கள்ளத்தனம் வெளியே வந்தது."

இது இருக்கட்டும்.

2

ஏவிஸுக்கு அறுபத்தெட்டு வயது. டென்னிஸ் அவள் கணவர்.*

இருவரும் இருபத்தாறு குளிர்காலம் உலோகம் காட்டும் கருவியும் மிதித்துத் தோண்டும் மண்வெட்டியுமாக வயல் வயலாக அலைந்தார்கள். அறுவடை முடிந்து அடுத்த பயிர் தலை தூக்குவதற்குள் தேடினால்தான் உண்டு. குளிருக்குப் பயந்தால் இந்த வேலைக்கு ஆகாது. பேட்டரி குளிரில் சீக்கிரம் செத்துவிடும் என்று டென்னிஸ் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார். ஏவிஸ் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, தேநீரை உறிஞ்சி முடித்து, இரண்டு ஜோடி காலுறை மாட்டி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் வயலின் அந்தக் கோடியில் இருப்பார்.

எனக்கும் அந்த நாட்கள் ஞாபகம் இருக்கின்றன. பொத்தான், தோட்டா மூடி, பீர் டப்பாவின் வளையம் என்று நாளெல்லாம் குப்பையாகவே பொறுக்கிவிட்டு, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து ஆறிப்போன சாசேஜ் ரோலைத் தின்போம். அதைவிட ருசியாக எதையும் நான் தின்றதில்லை. இப்போது அதே கடையில் வாங்கித் தின்றாலும் அந்த ருசி வருவதில்லை.

* என்னைவிடப் பத்து வயது மூத்தவளை 'அவள்' என்கிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், தூரப் போய்விட்டாள். டென்னிஸுக்குச் செத்துப்போனதால் மரியாதை தானாக வந்துவிட்டது.

3

ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி காலை. கருவி சன்னமாகக் கூவியது. ஏவிஸ் தோண்டினாள். ஐந்து அங்குல ஆழத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக்காசு. வயது ஆயிரத்து முந்நூறு.

எங்கள் வழக்கப்படி, நல்லது எதுவும் தட்டுப்பட்டால் கூட்டாளி வரும்வரை அதைக் குழியிலிருந்து எடுக்கக் கூடாது. அவள் மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். டென்னிஸ் நொண்டிக்கொண்டே வந்து, குனிந்து பார்த்து, "அடிச்சிட்டியே பொண்ணே" என்றார்.

காசு மாவட்டப் பதிவேட்டில் ஏறியது. வரைபடத்தில் அந்த வயலுக்கு ஒரு புள்ளி விழுந்தது. அந்த ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு, அங்கே ஒரு பழைய சந்தை இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். இடத்தைப் பார்க்க வரும் வியாழக்கிழமை வருகிறாள்.

4

இனி கிளிஃபோர்ட். சங்கச் செயலாளர். இந்த ஆள்மீது எனக்கு நம்பிக்கையில்லை; கதாசிரியனுக்கு வசதியாக உளறுகிறார். முந்தைய பிரதியில் அவரை நீக்கிவிட்டு, டென்னிஸின் கோட்டுப் பையில் பழங்காசுக் கடை ரசீது ஒன்றை வைத்துப் பார்த்தேன். சினிமா மாதிரி இருந்தது. கிளிஃபோர்டையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே ஏவிஸைப் பார்த்துச் சிரித்தார். "உங்காளு உனக்காக எத்தனை காசு பொதச்சு வச்சிருக்கான் தெரியுமா? வெறுங்கையோட வீட்டுக்குப் போனா அடுத்த வாரம் நீ வரமாட்டேன்னு அவனுக்குப் பயம்."

ஏவிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "எதெதுன்னு சொன்னானா?"

"அதெல்லாம் சொல்லல."

அவளுக்கு அப்போதுதான் அந்த மண் ஞாபகம் வந்தது. வெள்ளிக்காசு கிடைத்த அன்றைக்கு வயல் முழுக்க மண்வெட்டியை மிதித்து ஏறினாலும் இறங்கவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

(வயலோரம் கிழங்கைக் குவித்து வைக்கோல் மூடியிருப்பார்கள். குவியலுக்கு அடியில் மண் உறையாது. முதல் நாள்தான் லாரியில் அள்ளிப் போயிருந்தால் மண் இளகித்தான் இருக்கும். குவியல் அங்கே இருந்ததா? ஏவிஸுக்கு ஞாபகமில்லை. நான் இருந்தது என்று எழுதிவிடலாம். ஆனால்—)

5

சென்ற சனிக்கிழமை கடும் உறைபனி. அதே வயலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பர்ஸிலிருந்து ஒரு பென்னிக் காசை எடுத்தாள். அதை ஐந்து அங்குல ஆழத்தில், மேலே தெரியாதபடி புதைக்க வேண்டும். நான் கடிகாரம் பார்க்க வேண்டும்.

உறைந்த மேல்மண்ணைச் சில்லாகப் பெயர்க்கவே முழங்காலில் நின்று கொத்த வேண்டியிருந்தது. கையுறையோடு முடியவில்லை, கழற்றி எறிந்தாள். தோண்டி, வைத்து, மண்ணை நொறுக்கி நிரப்பி, சில்லைத் திரும்பப் பொருத்தி, விளிம்பைக் கட்டைவிரலால் நீவினாள். விரல்கள் முதலில் சிவந்து, பிறகு வெளுத்துப்போயின.

"எவ்வளவு ஆச்சு?"

"இருபத்திமூணு நிமிஷம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "நான் வண்டிய விட்டு எறங்க முக்கால் மணி ஆகும். அவனுக்கு ரெண்டு முட்டியும் போயிருந்துச்சு. மாடி ஏறவே முனகுவான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பென்னியை எடுத்துக்கொண்டு குழியை ஒழுங்காக மூடினாள்.

6

முடிவு அ: வியாழக்கிழமை மாணவியிடம் உண்மையைச் சொல்கிறாள், புள்ளி அழிகிறது.

முடிவு ஆ: வாயை மூடிக்கொண்டு இடத்தைக் காட்டுகிறாள்.

முடிவு இ: மாணவி தோண்ட, அதே மாதிரி இன்னும் பத்துக் காசு— [இது சோம்பேறித்தனம். அடித்தாயிற்று.]

எதுவும் பிடிக்காமல், நேற்று இதுவரை எழுதியதை அவளுக்கு அவள் மொழியில் வாசித்துக் காட்டினேன்.

"நான்தான் கண்டுபிடிச்சேன்னு எழுது."

எழுதினேன்.

"அப்போ, அன்னிக்கு அவன் எனக்காக முட்டி போடலையா?"

அடித்தேன். அவர் புதைத்ததுதான் என்று எழுதி வாசித்தேன்.

"இருபத்தாறு வருஷத்துல உருப்படியா கிடைச்சது அது ஒண்ணுதான். அதுவும் என்னுது இல்லையா?"

அதையும் அடித்தேன். பேனா மூடியை என் கையிலிருந்து வாங்கி, அவளே மூடிவைத்தாள்.

எனக்கு இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வருவாள், வரைபடத்தை விரித்து, உங்களுக்குக் கிடைத்தது இங்கேதானே என்று கேட்பாள். இரண்டில் ஒன்றைத்தான் ஏவிஸுக்குக் கொடுக்க முடியும், மற்றதை அவளிடமிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும். எதைப் பிடுங்குவது என்று நீங்கள் சொல்லுங்கள்.