தலைமாட்டுப் படம்

அண்ணனைப் பதினோராயிரம் தடவை படமெடுத்தவளிடம் அவன் முகம் ஒன்றுகூட இல்லை என்றால் யார் நம்புவார்கள்? தனலெட்சுமியும் நம்பவில்லை. செனாய் ஊரில் இருந்த வீட்டுக் கூடத்தில் மகன் மகேஸ்வரன் சவப்பெட்டிக்குள் கிடந்தான். காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவனை லோரி அடித்துப் போட்டிருந்தது. தலைமாட்டில் வைக்கப் படம் வேண்டும் என்று மகளை மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

லோஷினி மடிக்கணினியில் தேடிக்கொண்டே இருந்தாள். அவள் கலை எல்லாமே படத்தில்தான் தொடங்கும். எடுத்த படத்தைத் துணியில் அச்சடிப்பாள், வெட்டித் தைப்பாள், அதன்மேல் வீடியோவைப் பாய்ச்சித் தொழிற்சாலை இரைச்சலை ஓடவிடுவாள். மூன்று வருஷமாக அண்ணன்தான் மாடல். கை, பிடரி, பூட்ஸ், வியர்த்த முதுகு. முகத்தைக் காட்டினால் பார்க்கிறவர்கள் ‘ஐயோ பாவம்’ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், உழைப்பு கண்ணில் படாது என்று பெரிய மேதாவிபோலப் பேசுவாள். முகம் விழுந்த படங்களை அன்றன்றே அழித்தும் விடுவாள். ஒருத்தி கேமராவோடு திரிகிற வீட்டில் வேறு யார் படமெடுப்பார்கள்?

அவன் கைப்பேசி சக்கரத்தடியில் நொறுங்கிவிட்டது. வீட்டில் கிடந்த பழைய படங்களிலெல்லாம் அவன் பள்ளிக்கூடப் பையன். ஐசி அடையாள அட்டையில் இருந்தது பதினெட்டு வயதில் எடுத்த நகத்தளவு முகம். பெரிதாக்கினால் யாரோ போல இருந்தான்.

“பெட்டிய மூடுறதுக்குள்ள எடு,” என்றாள் அம்மா. “முகத்துல ஒரு கீறல்கூட இல்ல. அப்புறம் கம்ப்யூட்டர்ல கண்ணத் தொறந்து விடு. கண்ணு மூடுன படத்துக்கு நான் பொட்டு வைக்க மாட்டேன்.”

மூன்று வருஷத்தில் முதன்முறையாக லோஷினி அந்த முகத்துக்காகவே லென்ஸைப் பிடித்தாள். முதல் நான்கு படங்கள் கலங்கின. ஐந்தாவது சரியாக விழுந்ததும் பெட்டியை மூடினார்கள்.

பதினாறாம் நாளுக்குள் கண்ணைத் திறக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த கண்களையெல்லாம் ஒட்டிப் பார்த்தாள். எவன் எவனோ பார்த்தான். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கண் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வேறு வழி தெரியாமல் ஜன்னலோரம் நின்று தன் கண்களையே எடுத்தாள். இமையைக் கொஞ்சம் கனமாக்கிப் பொருத்தினாள். அச்சு அசல் மகேஸ்வரன். அடிப்பாவி, இவ்வளவு சுலபமா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

படையல் அன்று படத்துக்கு மாலை போட்டார்கள். உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறான் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். தனலெட்சுமி சந்தனத்தை விரலில் தொட்டபடி நின்றாள். படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“அழுத கண்ணா இருக்கே. இது உன் கண்ணுதானேடி?”

லோஷினி ஆமென்று தலையாட்டினாள்.

தனலெட்சுமி மாலையைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

“உசுரோட இருக்கிற மகளுக்கு எவளாவது மாலை போடுவாளா?”

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வெறும் சுவருக்குச் சந்தனம் வைத்தாள்.