கூரைக்கடியில் ஒரு குளிர்ந்த அறை

பர் துபாயில் சங்கீதாவின் குடும்பம் குடியிருந்தது ஒரு பழைய வில்லா. 2005 கோடையில் வெயில் கூரை வழியாக இறங்கி மாடிப் படுக்கையறைகளை வேகவைத்தது. ஏசி இரைந்ததே தவிர, குளிரவில்லை. கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் கிளாஸ் வூல் என்ற கண்ணாடிப் பஞ்சை விரித்தால் சூடு இறங்காது என்று யாரோ சொல்ல, சங்கீதா ஆள் பிடித்தாள். வந்தவன் ராமநாதபுரத்துச் சோலைமுத்து.

வீட்டு வேலைக்கு இருந்த ராசம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். குளிரில் வளர்ந்த உடம்பு. அவளுக்குக் கிடைத்ததோ மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. ஓட்டை ஜன்னல் ஏசி.

வேலை முடிந்து சோலைமுத்து மிச்சச் சுருள்களை மூட்டை கட்டியபோது அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"அண்ணே, இத என் ரூமுக்கும் போட்டுத் தர ஏலுமா?"

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுரு தங்கச்சி. பெறகு யாரு பேச்சு வாங்குறது?"

சங்கீதா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குப்பைக்குப் போறதுதானே, போட்டுக்கோ."

தன் லீவு நாளான வெள்ளிக்கிழமையில் வந்து சோலைமுத்து அறைக்குள் பலகையடித்துப் பஞ்சைப் பரப்பினான். ராசம்மா ஏணியைப் பிடித்தாள், சுருள்களைத் தூக்கிக் கொடுத்தாள். கழுத்திலும் முழங்கையிலும் கண்ணாடித் தூள் ஏறி, நாலைந்து நாள் சொறிந்து மாளவில்லை. ஆனால் அந்த ஓட்டை ஏசிக்கே அறை சில்லிட்டது. துபாய்க்கு வந்து முதல்முறையாகப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

ஒருநாள் துணி எடுக்க மேலே வந்த சங்கீதா கதவைத் திறந்தாள்.

"அடேங்கப்பா! எங்க பெட்ரூமே இப்படி இல்லையே!"

கட்டிலில் உட்கார்ந்தும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் சங்கீதா அவளைக் கூப்பிட்டாள். "தப்பா நினைச்சுக்காதே ராசம்மா. அருணாவுக்கு இந்த வருஷம் டென்த். கீழே சத்தத்துல படிக்க முடியலையாம். நீ வாஷிங் மெஷின் ரூம்ல படுத்துக்கோ. உனக்கும் மாடி ஏற வேண்டாம்."

"மேடம், அது நான்தானே கேட்டு..."

"அதைத்தான் சொல்றேன். உன்னாலதான் குழந்தைக்கு இவ்வளவு நல்ல ரூம் அமைஞ்சுது."

வாஷிங் மெஷின் அறையில் ஏசியும் இல்லை, ஜன்னலும் இல்லை. காலை நீட்டினால் மெஷின் இடித்தது. வியர்வையில் பாய் முதுகோடு ஒட்டியது. சங்கீதாவைத் திட்ட அவளுக்குத் தோன்றவில்லை; கேட்ட தன் வாயைத்தான் திட்டிக்கொண்டாள். வெந்துகொண்டே கிடந்திருந்தால் அந்த அறையை யார் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

ஒரு மத்தியானம் அந்த மாடி அறைக்கு ஜூஸ் கொண்டுபோனாள். அருணா புத்தகத்திலிருந்து நிமிராமல், "ஆன்ட்டி, டோர் க்ளோஸ் பண்ணுங்க. கூல் எல்லாம் வெளிய போகுது," என்றாள்.

ராசம்மா வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினாள். மாடித் தரை வெறுங்காலைப் பொசுக்கியது. ஓட்டமாய் ஓடிப் படியிறங்கினாள்.